வெள்ளைப் பாஷாணமும் கண்ணாடிக் கண்ணும்: அமெரிக்காவின் ஆரம்பகால அருங்காட்சியகப் பறவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செத்த பறவையைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் வேலை அமெரிக்காவில் எப்படித் தொடங்கியது, அந்தப் பறவைகள் பிறகு என்ன ஆயின என்பது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். பேச்சு பெரும்பாலும் பிலடெல்பியாவையே சுற்றி வரும். ஆரம்பக் கதை அங்கேதான் நடந்தது.

அமெரிக்காவின் முதல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எது?

எந்த ஊர்க்காரரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு நூலகச் சங்கம் 1773லேயே இயற்கைப் பொருள்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. சார்ல்ஸ்டன் அருங்காட்சியகம் இன்றும் அந்த ஆண்டைத்தான் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. பிலடெல்பியாவில் டு சிமித்தியேர் என்ற சுவிஸ் நாட்டு ஓவியர் 1782ல் தன் சேகரிப்பைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். 1784ல் அவர் இறந்ததோடு அதுவும் முடிந்தது.

பறவைகள் என்று வந்தால் சார்லஸ் வில்சன் பீலிடம் இருந்துதான் தொடங்க வேண்டும். குதிரைச் சேணம் தைக்கப் பழகி, பிறகு உருவப்பட ஓவியராகி, சுதந்திரப் போரில் சண்டையும் போட்டவர் அவர். 1784ல் சில பிரமாண்டமான எலும்புகளைப் படம் வரைந்து தரும் வேலை அவருக்கு வந்தது. அவரது ஓவியக்கூடத்துக்கு வந்தவர்கள் படங்களை விட்டுவிட்டு எலும்புகளைச் சுற்றி நின்றார்கள். காசு கொடுத்தும் இதைப் பார்க்க ஜனங்கள் வருவார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்ல, 1786ல் தன் வீட்டிலேயே அருங்காட்சியகத்தைத் திறந்துவிட்டார்.

பறவையை அழுகாமல் எப்படி வைத்தார்கள்?

பீலுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் தந்த ஒரு பிரெஞ்சு அங்கோரா பூனையின் உடல் தொடக்கத்திலேயே அவர் கைக்கு வந்தது. அதைக் காப்பாற்ற முடியாமல் கெட்டுப்போனது. அந்தக் காலத்தில் பாடம் செய்த உருப்படிகளின் பெரிய எதிரி அழுகல்கூட அல்ல, பூச்சி. தோல்வண்டின் புழுவும் அந்துப்பூச்சியின் புழுவும் நுழைந்துவிட்டால், சில காலத்தில் பெட்டிக்குள் கம்பியும் தூசியும்தான் மிஞ்சும்.

கடைசியில் கை கொடுத்தது வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக். பீல் அதை வெந்நீரில் கரைத்துத் தோலை அதில் ஊறவைத்தார். பிரான்சில் மெட்ஸ் நகரத்து மருந்து வணிகர் பெக்கூர் என்பவர் அதற்கு முன்பே பாஷாணம், கற்பூரம், சோப்பு, சுண்ணாம்பு முதலியவற்றைக் குழைத்து ஒரு பசை கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதன் செய்முறையைச் சாகும்வரை வெளியே விடவில்லை. அது அச்சில் வந்து பரவலானது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அமெரிக்காக்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே விஷத்தை நம்பினார்கள், வேறு வேறு வடிவத்தில்.

வேலை நடப்பது இப்படி. பறவையை மல்லாக்கப் படுக்கவைத்து மார்பெலும்பின் அடியிலிருந்து எருவாய் வரை தோலை மட்டும் கீறுவார்கள். ரத்தமோ கொழுப்போ இறகில் பட்டுவிடாமலிருக்க மாவையோ மரத்தூளையோ தூவிக்கொண்டே வருவார்கள். காலை முட்டியில் வெட்டி, வாலடியை அறுத்து, இறக்கையைத் தோளில் பிரித்தபின், சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவது போலத் தோல் முழுவதையும் உள்பக்கம் வெளியே வரும்படி அலகு வரை உருட்டிக்கொண்டு போவார்கள். மண்டையின் பின்புறத்தில் துளையிட்டு மூளையை எடுப்பார்கள், கண்ணையும் எடுப்பார்கள். அலகோடு மண்டையும், கால் இறக்கை எலும்புகளும் தோலோடேயே நிற்கும். பிறகு பாஷாணம் தடவி, தோலைத் திருப்பி, கம்பியில் சணல் நாரைச் சுற்றிச் செய்த உடலை உள்ளே வைத்துத் தைப்பார்கள். கண்ணாடியில் கண் பொருத்துவார்கள். இறகுகளை ஒவ்வொன்றாக நீவி, மேலே நூல் சுற்றிக் காயவிடுவார்கள். சின்னக் குருவியின் கழுத்துத் தோல் ஈரக் காகிதம் போல இருக்கும் என்பதால் அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

ஜார்ஜ் வாஷிங்டன் கொடுத்த பறவைகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

இருக்கின்றன. பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத், வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைக்குச் சீனத்துக் கோல்டன் ஃபெசன்ட் பறவைகளைப் பரிசாக அனுப்பியிருந்தார். பொன்னிறக் கொண்டையும் சிவந்த மார்பும் கொண்டவை. செய்தி கேள்விப்பட்ட பீல், அவை செத்தால் உடலைத் தனக்கு அனுப்பும்படி கடிதம் எழுதினார். உயிரோடு இருக்கும் பறவைக்கு முன்பதிவு செய்வது கொஞ்சம் துணிச்சல்தான். வாஷிங்டனும், அவற்றை அனுப்பும் சந்தர்ப்பம் தனக்கு மகிழ்ச்சி தராது, ஆனாலும் அது வெகு தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை என்ற பொருளில் பதில் எழுதினார். 1787ல் பறவைகள் செத்தன, பிலடெல்பியா வந்து சேர்ந்தன. இன்று அந்த ஜோடி ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பீலின் அருங்காட்சியகம் உள்ளே எப்படி இருந்தது?

வீட்டில் இடம் போதாமல் 1794ல் அமெரிக்க தத்துவச் சங்கத்தின் கட்டடத்துக்கு மாறினார். அன்று அக்கம்பக்கத்துப் பையன்களை வரிசையாக நிறுத்தி, பாடம் செய்த காட்டெருமை முன்னே போக, மற்ற மிருகங்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலமாக அனுப்பினார். வண்டிக் கூலியும் மிச்சம், விளம்பரமும் ஆயிற்று. 1802ல் இன்றைய இண்டிபெண்டன்ஸ் ஹாலின் மாடி கிடைத்தது. கட்டணம் 25 சென்ட்.

மாடியில் சுமார் 100 அடி நீளமுள்ள ஒரு கூடம். ஒரு பக்கச் சுவர் நெடுகப் பறவைகள்: 1800களின் தொடக்கத்திலேயே 140 பெட்டிகளில் 700க்கும் மேற்பட்ட வகைகள், உயிரினங்களை வகைப்படுத்திய சுவீடன் அறிஞர் லின்னேயஸின் வரிசைப்படி. பெட்டிகளுக்கு மேலே தேசத்தின் பெரிய மனிதர்களின் உருவப்படங்கள், எல்லாம் பீலின் குடும்பம் வரைந்தவை. மனிதன் மேலே, பறவை கீழே என்று படைப்பின் ஏணியையே சுவரில் மாட்டிவிட்டார்.

அவருடைய உண்மையான சாதனை என்று நான் நினைப்பது பெட்டிகளின் பின்புறத்தில் இருந்தது. அப்போது ஐரோப்பாவில் பறவைகளை வெள்ளைப் பலகைக்கு முன்னால் வரிசையாக நிறுத்துவதே வழக்கம். பீல் ஓவியர் அல்லவா, நீர்ப்பறவைக்குப் பின்னால் நீரையும், மலைப்பறவைக்குப் பின்னால் மலையையும் வரைந்தார். வாழிடக் காட்சிப்பெட்டிகள் அமெரிக்க அருங்காட்சியகங்களில் பரவியது அதற்கு 100 ஆண்டுகள் கழித்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய மனிதர்களின் உடல்களையும் இப்படியே பாதுகாத்து வைத்திருக்கலாம் என்றும், பிராங்க்ளின் உயிரோடிருந்தபோது அவரிடம் இதைக் கேட்காமல் விட்டோமே என்றும் பீல் எழுதியிருக்கிறார். நல்லவேளை, அது உருவப்படத்தோடு நின்றது.

இத்தனை பறவைகளும் சுட்டுக் கொல்லப்பட்டவைதானா?

பெரும்பாலும் ஆம். அன்றைக்குப் பறவையியலாளரின் முதல் கருவி துப்பாக்கி. நல்ல தொலைநோக்கியோ கேமராவோ கிடையாது. கையில் எடுத்துப் பார்த்தால்தான் அது என்ன பறவை என்று சொல்ல முடியும். பீலிடம் உயிரோடு வளர்ந்து, செத்தபின் பாடம் செய்யப்பட்டவையும் உண்டு. பரிசாக வந்தவையும், மற்ற சேகரிப்பாளர்களோடு பண்டமாற்றாக வாங்கியவையும் உண்டு.

இந்தப் பறவைகளால் அறிவியலுக்கு என்ன ஆயிற்று? வெறும் வேடிக்கைதானே?

காசு கொடுத்து வந்தவர்களுக்கு வேடிக்கைதான். அலெக்சாண்டர் வில்சனுக்கு அப்படி இல்லை. ஸ்காட்லாந்தில் தறி நெய்துகொண்டு கவிதையும் எழுதிக்கொண்டிருந்தவர், அமெரிக்கா வந்து பள்ளி ஆசிரியரானார். 1808 முதல் 1814 வரை ஒன்பது தொகுதிகளாக வந்த ‘அமெரிக்கப் பறவையியல்’ அவருடையது. கடைசித் தொகுதிகள் வெளிவருமுன் 1813ல் இறந்துவிட்டார். பீலின் கூடம் அவருக்கு வேலைக்கூடமாகவே இருந்தது. பல பறவைகளுக்கு, பீல் அருங்காட்சியகத்தில் இன்ன எண் என்று நூலிலேயே குறித்திருக்கிறார். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

மெரிவெதர் லூயிசும் வில்லியம் கிளார்க்கும் 1804 முதல் 1806 வரை பசிபிக் கடற்கரை போய்த் திரும்பியபோது கொண்டுவந்த பறவைத் தோல்களும் பீலிடமே வந்தன. அவற்றிலிருந்து மூன்று புதிய பறவைகளை வில்சன் வரைந்து விவரித்தார். லூயிசின் பெயரில் ஒரு மரங்கொத்தி, கிளார்க்கின் பெயரில் காக்கைக் குடும்பப் பறவை ஒன்று, பிறகு இன்று மேற்கத்திய டேனேஜர் எனப்படும் மஞ்சள் உடலும் சிவந்த தலையும் கொண்ட சிறு பறவை. ஹார்வர்டில் இருக்கும் ஒரு மரங்கொத்தித் தோல் அந்தப் பயணத்தில் எடுத்ததாகவே இருக்கும் என்று கருதுகிறார்கள்.

பாஷாணம் பூசியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா?

ஆயிற்று. பீலுக்கே வேலைக்குப் பின் உடம்பு படுத்தும். பாஷாணத்தோடு, சித்த மருத்துவத்தில் சவ்வீரம் என்று சொல்லும் பாதரச உப்பையும் அந்தக் காலத்தில் சேர்த்தார்கள். பீலின் மூத்த மகன் ரஃபேல், அமெரிக்காவின் ஆகச் சிறந்த ஜடப்பொருள் ஓவியர்களில் ஒருவர், அப்பாவின் விலங்குகளைப் பாடம் செய்து கொடுத்தவரும் அவரே. நடுவயதிலேயே கைகால் முடங்கித் தவித்து 1825ல், தந்தைக்கு முன்பே, இறந்தார். குடிதான் காரணம் என்று குடும்பம் நினைத்தது. இந்த விஷங்களே அவரைத் தின்றன என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

மேற்கே ராக்கி மலைகளைத் தாண்டிப்போய்ப் பறவைகள் சேகரித்த ஜான் கர்க் டவுன்சென்ட் தனக்கென ஒரு பாஷாணப் பொடி வைத்திருந்தார். 1851ல், 41 வயதில் மறைந்தார். பிலடெல்பியா இயற்கை அறிவியல் அகாதமியின் பறவைப் பிரிவை வளர்த்த ஜான் காசின் 1869ல் போனார். இருவர் சாவுக்கும் பாஷாணத்தையே காரணமாகச் சொல்கிறார்கள்.

பெயர் தெரிந்தவர்களைப் பற்றித்தான் இப்படிப் பேச முடிகிறது. பீல் வீட்டில் அடிமையாகப் பிறந்து வளர்ந்த மோசஸ் வில்லியம்ஸ், விடுதலை பெற்றபின் அதே அருங்காட்சியகத்தில் நிழலுருவப் படம் வெட்டித் தரும் கருவியை நடத்திப் பேர் வாங்கினார். ஆரம்ப ஆண்டுகளின் வேலையில் அவர் கையும் இருந்தது. அட்டைகளில் அவர் பெயர் இல்லை.

பீலின் பறவைகள் இன்று எங்கே?

பெரும்பகுதி அழிந்தது. பீல் 1827ல் இறந்தார். இதை அரசாங்கம் ஏற்று தேசிய அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று அவர் எவ்வளவோ கேட்டும் நடக்கவில்லை. அவருக்குப்பின் கட்டடம் மாறிக் கட்டடம் போய், கடனில் விழுந்து, 1850 வாக்கில் சேகரிப்பு விலைக்கு வந்தது. வாங்கியவர்கள் வேடிக்கைக் காட்சிகளால் பேர்போன பி. டி. பார்னமும், பாஸ்டனில் நாடக அரங்கோடு சேர்த்து அருங்காட்சியகம் நடத்திய மோசஸ் கிம்பலும். ஆளுக்குப் பாதி.

பார்னம் பங்கு தீயில் போயிற்று. அவருடைய நியூயார்க் அருங்காட்சியகம் 1865ல் எரிந்ததை அந்நாளைய பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கிம்பல் பங்கு நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு இடைவேளை வேடிக்கையாகப் பல ஆண்டுகள் நின்றது. பிறகு பாஸ்டன் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போய், மிஞ்சியது 1914ல் ஹார்வர்டுக்கு வந்தது.

வந்தவற்றில் எது பீலுடையது, எது பாஸ்டனில் பிற்பாடு சேர்ந்தது? பீல் பெயர்களைப் பறவையின் காலில் கட்டவில்லை, பெட்டியோடு சேர்த்துத்தான் எழுதி வைத்திருந்தார். பறவை பெட்டியை விட்டு இறங்கியதுமே அதன் கதை அறுந்துவிட்டது. 1915ல் வால்டர் ஃபாக்சன் என்ற ஹார்வர்டு ஆய்வாளர், வில்சனின் நூலையும் அதன் படங்களையும் அந்த எண்களையும் வைத்துக்கொண்டு, கறுத்து மங்கிய பறவைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். வில்சன் வர்ணனையின் மூலப் பறவைகள் சிலவும் அப்படித்தான் மீண்டன. தொலைந்துபோன சேகரிப்பு ஒன்று ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்புகளால் திரும்பக் கிடைத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காட்சிக்கு நிற்கும் பறவைக்கும், இழுப்பறையில் இருக்கும் தோலுக்கும் என்ன வித்தியாசம்?

தோல் மல்லாந்து படுத்திருக்கும். உள்ளே பஞ்சு, கண்ணின் இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு தெரியும், கால்கள் குறுக்காகக் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கட்டில் ஒரு சீட்டு: எந்த இடம், எந்தத் தேதி, ஆணா பெண்ணா, எடுத்தது யார். பார்க்க அழகில்லை. ஆனால் வெளிச்சம் படாததால் நிறம் நிற்கும். இழுப்பறையில் நூற்றுக்கணக்கில் அடுக்கலாம். சீட்டும் பறவையை விட்டுப் பிரியாது.

இந்த மாற்றத்தை அமெரிக்காவில் பெரிய அளவில் நடத்தியவர் ஸ்பென்சர் பெயர்ட். 1850ல் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் சேர்ந்தபோது தன் சொந்தச் சேகரிப்பை ரயில் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தவர். புகழ்பெற்ற பறவை ஓவியர் ஆடுபன் கொடுத்த தோல்களும் அதில் இருந்தன. மேற்கே எல்லைக்கோடு வகுக்கும் நில அளவைக் குழுக்களுக்கும், கோட்டைகளில் இருந்த ராணுவ மருத்துவர்களுக்கும், வடக்கே ஹட்சன் விரிகுடாவின் ரோம வியாபாரிகளுக்கும், எப்படிச் சுடுவது, எப்படி உரிப்பது, சீட்டில் என்ன எழுதுவது என்று அச்சடித்த குறிப்புகளை அனுப்பினார். பீலுக்கு வருமானம் வாசலில் வந்தது, ஆகவே பறவை நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது. பெயர்டுக்கு வாசலைப் பற்றிய கவலை இல்லை. இரண்டு பேரில் யாருடைய கூடத்தை நான் பார்க்க ஆசைப்படுவேன் என்றால் பீலுடையதுதான். ஆனால் எதை நம்புவேன் என்றால் பெயர்டின் சீட்டை.

அழிந்துபோன பறவைகளும் இவற்றில் உண்டா?

உண்டு. லாப்ரடார் வாத்து 1875ல் லாங் ஐலண்டில் சுடப்பட்டதோடு ஏறக்குறைய பதிவுகளிலிருந்து மறைகிறது. உலகம் முழுக்க அதற்கு இருப்பது சுமார் 55 பாடப் பறவைகள். ஸ்மித்சோனியனில் உள்ள ஒரு ஜோடியைச் சுட்டவர் செனட்டர் டேனியல் வெப்ஸ்டர். அவர் ஆடுபனுக்குக் கொடுக்க, ஆடுபன் படம் வரைந்துவிட்டு பெயர்டுக்குக் கொடுத்தார்.

பாசஞ்சர் புறாவின் கடைசிப் பறவை மார்த்தா 1914 செப்டம்பர் 1ல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் செத்தது. 300 பவுண்டு பனிக்கட்டியில் உறையவைத்து ரயிலில் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள், அது இன்றும் இருக்கிறது. அதே ஊரில் 1918ல் செத்த இன்காஸ் என்ற கரோலினா கிளியையும் அனுப்புவதாக ஏற்பாடு. அந்த உடல் ஸ்மித்சோனியன் போய்ச் சேரவே இல்லை.

200 ஆண்டுப் பழைய தோலை வைத்து இன்றைக்கு என்ன செய்ய முடியும்?

பாதத்து அடித்தோலில் ஒரு துணுக்கு எடுத்தால் மரபணுவைப் படிக்கலாம். 2017ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கத் தொழில்நகரங்களைச் சுற்றிப் பல தலைமுறையாகச் சேர்த்த 1,347 பறவைகளின் மார்பு இறகைப் படம் பிடித்து, அதில் படிந்த கரியின் அளவை வைத்து 135 ஆண்டுகளின் நிலக்கரிப் புகையைக் கணக்கிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பறவைகளே ஆக அழுக்கு.

பழைய விஷம் இங்கேயும் குறுக்கே வரும். கருங்கால் ஆல்பட்ராஸ் பறவைகளின் பழைய இறகுகளில் கடல் மாசைத் தேடியவர்கள், பாதரசத்தின் மொத்த அளவை நம்ப முடியாமல், மீன் வழியாக உடலில் சேரும் மெத்தில் பாதரசத்தை மட்டும் தனியே அளக்க வேண்டியிருந்தது. மற்றது அருங்காட்சியக ஆட்கள் பூச்சிக்காகப் போட்டதாக இருக்கலாம்.

பழைய பாடப் பறவையைத் தொடலாமா? வாங்கி வீட்டில் வைக்கலாமா?

தொடாதீர்கள். பாஷாணம் காலத்தால் வீரியம் இழப்பதில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைகூடச் சில இடங்களில் பூசினார்கள். கையுறை போட்டு, கையைக் கழுவி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது குறைந்தபட்சம். அமெரிக்காவில் என்றால் சட்டமும் இருக்கிறது: 1918ன் வலசைப் பறவைச் சட்டப்படி, வலசை வரும் உள்நாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றின் ஓர் இறகைக்கூட அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது. தாத்தா காலத்துப் பொருள் என்றால் முதலில் விசாரியுங்கள், பிறகு விற்க நினைக்கலாம்.

நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்?

பிலடெல்பியாவில் பென்சில்வேனியா நுண்கலை அகாதமியிடம் பீல் 1822ல் தன்னையே வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது. சிவப்புத் திரையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்; பின்னால் பறவைப் பெட்டிகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. முன்னால் தரையில் மகன் டிஷியன் மேற்கேயிருந்து கொண்டுவந்த வான்கோழி இன்னும் உரிக்கப்படாமல், கருவிப் பெட்டியின் மேல் தலை தொங்கக் கிடக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இண்டிபெண்டன்ஸ் ஹால். கூடம் இருந்த மாடி அதில்தான். பால்டிமோரில் இன்னொரு மகன் ரெம்ப்ராண்ட் 1814ல் அருங்காட்சியகத்துக்கென்றே கட்டிய கட்டடம் நிற்கிறது. ஹார்வர்டின் தோல் இழுப்பறைகள் ஆய்வாளர்களுக்கு மட்டும். எது பொதுக்காட்சியில் இருக்கிறது என்பதைப் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.